வளர்ச்சியும் கரியமில வாயுவும்: எல்லாத் தொழிலுக்கும் ஒரே கணக்கா?

கேள்வி: பொருளாதாரம் வளரும்போது எல்லாத் தொழில்துறைகளிலும் கரியமில வாயு ஒரே அளவில் கூடுமா? வளர்ச்சியைக் கைவிடாமல் அதைக் குறைத்த நாடு உண்டா?

பதில்: ஒரே அளவில் கூடுவதில்லை. ஒரு தொழிலில் கார்பன் எரிபொருளில் இருக்கிறதா, மூலப்பொருளிலேயே இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மின்சாரத்தில் அது எரிபொருளில் மட்டுமே இருக்கிறது. விளக்கு எரிந்தால் போதும், அது நிலக்கரியால் எரிகிறதா காற்றாலையால் எரிகிறதா என்பது பயன்படுத்துபவருக்குத் தெரியப்போவதில்லை. ஆகவே இத்துறையே வளர்ச்சியிடமிருந்து முதலில் விலகிச் செல்கிறது. 1990இல் தன் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் நிலக்கரியிலிருந்து எடுத்த பிரிட்டன், 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடியது. இடைப்பட்ட காலத்தில் அதன் பொருளாதாரம் பெரிதும் வளர்ந்தது. நாட்டு எல்லைக்குள் வெளியான உமிழ்வோ ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எனினும் அங்கே போக்குவரத்தின் உமிழ்வு அந்த அளவுக்கு இறங்கவில்லை. இன்று அதுவே மிக அதிகம் உமிழும் துறை.

சிமெண்டின் கதை வேறு. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் முழுமையாகச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். சூளையைச் சூரிய ஒளியாலேயே சூடாக்கினாலும் அந்த 44 கிலோ குறையாது, ஏனெனில் அது கல்லிலிருந்து வருவது. சிமெண்ட் ஆலையின் உமிழ்வில் பாதிக்கும் மேல் இவ்வகையைச் சேர்ந்தது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் செய்யும் சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கரைக் குறைத்து நிலக்கரிச் சாம்பலையும் இரும்பு உலைக் கசடையும் கலப்பது நல்ல வழிதான். ஆனால் நிலக்கரி அனல்மின் நிலையங்களும் தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் ஊதுலைகளும் மூடப்பட மூடப்பட, அந்தச் சாம்பலும் கசடும் கிடைப்பது அரிதாகிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இத்துறையில் உமிழ்வு கூடுவதையும் குறைவதையும் பெரும்பாலும் தீர்மானிப்பது சிமெண்டுக்கான தேவையின் அளவுதான். சாலையும் வீடும் அணையும் கட்டும் பருவத்தில் எகிறும் தேவை, கட்டி முடிந்தபின் தணிகிறது. உலக சிமெண்டில் ஏறக்குறையப் பாதியை உற்பத்தி செய்யும் சீனாவில் 2014இல் உச்சம் தொட்ட உற்பத்தி பின்னர் இறங்கியது. பொருளாதாரம் அதற்குப் பிறகும் வளர்ந்தது.

எஃகு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஊதுலையில் கல்கரி (நிலக்கரியிலிருந்து செய்யும் எரிபொருள்) வெப்பம் தருவதோடு, தாதுவிலுள்ள ஆக்சிஜனையும் பிரித்தெடுப்பதால், ஒரு டன் எஃகுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு வெளியாகிறது. பழைய இரும்பை மின்சார உலையில் உருக்கினால் இது வெகுவாகக் குறையும். ஆனால் பழைய இரும்பு, நெடுநாளைக்கு முன்பே கட்டி முடித்த நாடுகளிடம்தான் குவிந்திருக்கிறது. இப்போது வளரும் நாட்டுக்குத் தாதுவை விட்டால் வேறு வழி அதிகமில்லை. இதை அந்த நாட்டின் அலட்சியம் என்று சொல்வது நியாயமன்று.

கேள்வி: அப்படியானால் மென்பொருள், வங்கி போன்ற சேவைத் துறைகளுக்கு மாறிவிட்டால் போதுமா?

பதில்: ஏட்டில் குறையும். சேவைத் துறையில் உலைகள் இல்லை, மின்சாரமே அதன் முக்கிய எரிபொருள். ஆனால் அங்கு வேலை செய்பவரும் எஃகும் சிமெண்டும் பயன்படுத்துகிறார். அவை இறக்குமதியானால் புகை வேறொரு நாட்டின் கணக்கில் ஏறுகிறது. பிரிட்டனின் உமிழ்வை நுகர்வின் அடிப்படையில், அதாவது இறக்குமதிப் பொருள்களின் புகையையும் சேர்த்து, கணக்கிட்டாலும் அது குறைந்தே இருக்கிறது. எல்லைக் கணக்கு காட்டும் அளவுக்கு இல்லை, அவ்வளவே.