லனாவோ கெண்டைகள் எங்கே போயின?

கேள்வி: உலகத்திலேயே ஒரே ஒரு ஏரியில் மட்டும் இருக்கும் மீன்கள் உண்டு என்கிறார்களே, ஆறு, வெள்ளம் என்று கிடைத்த தண்ணீரில் எல்லாம் போகிற மீன் எப்படி ஒரே இடத்தில் நிற்கும்?
(வாசகர், தஞ்சாவூர்)

போக வழி இல்லையென்றால் நிற்கத்தானே வேண்டும்! பிலிப்பைன்ஸில் மிண்டனாவோ தீவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது லனாவோ ஏரி. அதிலிருந்து புறப்படும் அகுஸ் ஆறு மரியா கிறிஸ்டினா அருவியாக விழுந்து கடலுக்குப் போகிறது, கீழே இருக்கிற மீன் அந்த அருவியில் ஏறி வருவது நடக்காத காரியம். எப்போதோ மேலே வந்து சேர்ந்துவிட்ட கெண்டைகள், போட்டிக்குப் பெரிதாக ஆள் இல்லாத அந்த ஏரியில் பல இனங்களாகப் பிரிந்தன. ஆல்பர்ட் ஹெர்ரே என்ற அமெரிக்க ஆய்வாளர் 1924இல் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். ஒரு கெண்டைக்குக் கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். கெண்டைக் கூட்டத்தில் அப்படியொரு வாயை நினைத்துப் பாருங்கள். இத்தனை இனங்கள் பிரிய எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள், பத்தாயிரம் ஆண்டு போதும் என்று சொன்னவர்களும் உண்டு.

கேள்வி: சரி, இப்போது போனால் அந்த மீன்களைப் பார்க்கலாமா?

பெரும்பாலும் முடியாது. அந்த ஏரிக்கும் அதிலிருந்து வரும் ஆற்றுக்கும் மட்டுமே உரிய மீன்களில் 15 இனங்கள் அற்றுப்போயின என்று 2020இல், அழியும் நிலையில் இருக்கும் உயிரினங்களைக் கணக்கெடுக்கும் ஐயூசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியல் அறிவித்தது. முக்கியக் குற்றவாளி யார் தெரியுமா? நம் குளத்து உளுவைதான். அடிமண்ணோடு மண்ணாக ஒட்டிக் கிடந்து, பக்கத்தில் குஞ்சு வந்தால் லபக்கென்று விழுங்குமே, அதே மீன். 1960களில் தெரியாத்தனமாக ஏரிக்குள் வந்துவிட்டது. இங்கே உளுவையைத் தின்ன விரால் இருக்கிறது, நம் கெண்டைகளும் அதோடு காலங்காலமாகப் பழகியவை. லனாவோ கெண்டைகளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அப்புறம் ஜிலேபி கெண்டையையும் வேறு சில மீன்களையும் வளர்ப்புக்கென்று மனிதர்களே கொண்டுபோய் விட்டார்கள். அதனால் எல்லாப் பழியையும் உளுவை தலையில் கட்டுவதும் நியாயமில்லை, அளவில்லாமல் பிடித்ததும் ஏரியை நாசமாக்கும் முறைகளில் பிடித்ததும் சேர்ந்துதான் இந்தக் கதி.

இதில் இன்னொரு கொடுமை, ஹெர்ரே பாடம்செய்து மணிலாவில் வைத்திருந்த மாதிரிகளில் பல இரண்டாம் உலகப் போரில் அழிந்துவிட்டன. சில இனங்கள் உண்மையிலேயே தனி இனம்தானா என்று சரிபார்க்க வேண்டுமானால் ஏரியிலும் மீன் இல்லை, ஜாடியிலும் இல்லை.