அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்: முதல் வீடு வாங்குவோரின் ஐந்து கேள்விகள்

முதன்முறையாக வீடு வாங்கப்போகும் வாசகர்கள் அனுப்பும் கடிதங்களில் பல, "அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம், இனி எதையெல்லாம் பார்க்க வேண்டும்?" என்றுதான் தொடங்குகின்றன. பார்க்க வேண்டியவற்றைப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். பணம் கைமாறும் வரைதான் வாங்குபவரின் பேச்சுக்கு மதிப்பு. கைமாறிய பின், கண்ணில் படும் ஒவ்வொரு குறைக்கும் சமாதானம் தேடுபவராக அவரே மாறிவிடுகிறார். ஆகவே, இன்னும் அட்வான்ஸ் கொடுக்காத ஐவரின் கடிதங்களை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டேன்.

நானும் மனைவியும் வேலைக்குச் செல்கிறோம். இருவருக்குமாக மாதம் 95,000 ரூபாய் கைக்கு வருகிறது. சேமிப்பு 14 லட்சம். கட்டுமானத்தில் இருக்கும் குடியிருப்பில் 60 லட்சத்துக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறோம். 80 சதவீதம் வங்கி தரும் என்பதால் கைப்பணம் போதும் என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. ஞாயிற்றுக்கிழமைக்குள் 2 லட்சம் கட்டினால் சதுர அடிக்கு 100 ரூபாய் குறைப்பார்களாம். கட்டலாமா? (வாசகர், தாம்பரம்)

கைப்பணம் போதாது. கடன் தொகை 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை இருந்தால் வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதன்படி உங்களுக்கு 48 லட்சம் கிடைக்கும், 12 லட்சம் நீங்கள் போட வேண்டும். பிரதிநிதி இதோடு கணக்கை முடித்துக்கொண்டார். முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் வங்கி கணக்கிடும் வீட்டு மதிப்பில் சேர்வதில்லை. தமிழ்நாட்டில் புதிய அடுக்குமாடி வீட்டை முதன்முறை வாங்கும்போது, 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை மதிப்புள்ளவற்றுக்கு முத்திரைத்தீர்வை 5 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் உண்டு. ஆக 4 லட்சத்து 20 ஆயிரம். கட்டுமானம் முடியாத வீடு என்பதால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது இன்னொரு 3 லட்சம். இப்போதே 19 லட்சத்தைத் தாண்டிவிட்டோம். கார் நிறுத்துமிடம், மின் இணைப்புக்கான வைப்புத்தொகை, பராமரிப்பு முன்பணம், அலமாரி, மின்விசிறி எதையும் இன்னும் தொடவில்லை. 1,000 சதுர அடி வீடாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமைச் சலுகை மிச்சப்படுத்துவது 1 லட்சம். உங்களுக்குக் குறைவதோ 5 லட்சத்துக்கும் மேல். அந்தப் பள்ளத்தை நகைக்கடனாலும் தனிநபர் கடனாலும் நிரப்பத் தொடங்கினால் மாதச் சம்பளம் மூன்று இடங்களுக்குப் பிரியும்.

கடனையும் பார்த்துவிடுவோம். வட்டி 8.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 48 லட்சத்துக்கு 20 ஆண்டுகளில் மாதத் தவணை ஏறத்தாழ 41,650 ரூபாய். முதல் மாதத் தவணையில் 34,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 7,650 ரூபாய்தான். 20 ஆண்டுகளில் வட்டி மட்டும் ஏறக்குறைய 52 லட்சம். 15 ஆண்டுகளில் முடித்தால் தவணை 47,270 ஆக உயர்ந்தாலும் வட்டி 37 லட்சத்தோடு நின்றுவிடும். ஆனாலும் உங்கள் நிலையில் 20 ஆண்டுத் தவணையையே எடுங்கள் என்பேன். வீடு கைக்கு வரும் வரை வாடகையும் கொடுத்தாக வேண்டும் அல்லவா? மாறும் வட்டி வீட்டுக்கடனைத் தனிநபர் முன்கூட்டியே அடைத்தால் வங்கி அபராதம் வாங்க முடியாது என்பதால், போனஸ் வரும் ஆண்டுகளில் அசலைக் குறைத்துக்கொள்ளலாம்.

2 லட்சத்தைக் கட்டும் முன், ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, 8 வீடுகளுக்கு மேலோ கட்டுபவர், பதிவு செய்யாமல் விளம்பரமும் செய்யக்கூடாது, முன்பதிவும் வாங்கக்கூடாது. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவும் 2016ஆம் ஆண்டு ரெரா சட்டம் தடை விதிக்கிறது. ஆணையத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடி, கட்டி முடிப்பதாக அவர்களே எழுதிக்கொடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரதிநிதி வாயால் சொன்ன தேதியோடு அது பெரும்பாலும் ஒத்துப்போகாது. விலையைச் சுவருக்கு உட்பட்ட கார்பெட் பரப்பால் வகுத்துப் பார்த்தால், சதுர அடி விலை என்று அவர்கள் சொல்வதன் உண்மையான முகம் தெரியும்.

நாங்கள் பார்த்திருக்கும் தனிவீட்டை விற்பவர் மூத்த மகன். தந்தை உயில் எழுதாமல் இறந்துவிட்டார். பட்டா மகன் பெயருக்கு மாறியிருக்கிறது. 30 ஆண்டு வில்லங்கச் சான்றிலும் எதுவும் இல்லை. திருமணமான இரு தங்கைகள் "எதிர்ப்புச் சொல்ல மாட்டார்கள்" என்கிறார். நம்பி முன்பணம் கொடுக்கலாமா? (வாசகி, மதுரை)

அம்மா, நீங்கள் நம்பலாம், பத்திரம் நம்பாது. பட்டா வருவாய்த்துறைப் பதிவேட்டில் ஒருவர் பெயர் இருப்பதைக் காட்டும் ஆவணம். அது மட்டுமே ஒருவரை உரிமையாளர் ஆக்கிவிடுவதில்லை. வில்லங்கச் சான்றோ, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல். பதிவாகாத உயிலும், நடந்துகொண்டிருக்கும் பாகப்பிரிவினை வழக்கும் அதில் வராமல் போகலாம். மரணம் ஒரு பத்திரமாகப் பதிவாவதில்லை, எனவே ஒருவர் இறந்த நொடியில் அவருடைய பிள்ளைகளுக்குப் பிறந்த உரிமை எந்த வில்லங்கச் சான்றிலும் ஒரு வரியாகக்கூடத் தெரியாது. உங்கள் விஷயத்தில் சான்று சுத்தமாக இருப்பதற்குக் காரணமே இதுதான்.

அவர்கள் இந்துக்கள் என்றும், வீடு தந்தை தாமே சம்பாதித்தது என்றும் வைத்துக்கொண்டால், 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும், மகன்களுக்கும், மகள்களுக்கும் சமபங்கு உண்டு. தங்கைகளுக்குச் சீர் செய்தாகிவிட்டது என்பது வீட்டுப் பேச்சு, சட்டத்தின் முன் அதற்கு இடமில்லை. பலரும் மறந்துவிடும் இன்னொரு வாரிசு, இறந்தவரின் தாய். அவர் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு சேர்ந்திருக்கும். பின்னர் அவர் காலமாகியிருந்தால் அந்தப் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் கிளை பிரிந்திருக்கும். பூர்வீகச் சொத்தாக இருந்தாலும் மகள்களை ஒதுக்கிவிட முடியாது: 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், 2005இல் மத்திய அரசின் திருத்தம், 2020இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எனப் படிப்படியாக அவர்களின் உரிமை உறுதியாகிவிட்டது.

ஆகவே இறப்புச் சான்றையும், வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றையும் கேட்டு வாங்கி, அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கையெழுத்து எங்கிருந்து வரப்போகிறது என்று எழுதிப் பாருங்கள். தங்கைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும், அல்லது அனைவரும் சேர்ந்து உங்களுக்குக் கிரயம் எழுதித் தர வேண்டும். இரண்டாவது வழியையே நான் விரும்புவேன், ஏனெனில் அப்போது அவரவர் பங்குத் தொகையை அவரவர் வங்கிக் கணக்குக்கே நீங்கள் அனுப்பிவிடலாம். வாரிசுகளில் ஒருவர் இறந்து அவருக்குச் சிறு வயதுப் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவைப்படும் என்பதால் அந்த வீட்டுக்கு அவசரப்படாதீர்கள்.

இதை நான் ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் எனக்கென்று வீடு வாங்கியபோது, கொல்லையில் இருந்த கிணற்றையும் வேப்பமரத்தையும் பார்த்த மயக்கத்தில் அன்று மாலையே 25,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். வெளியூரில் ஒரு மகள் இருப்பது கிரயப் பத்திர நகல் எழுத உட்கார்ந்தபோதுதான் பேச்சுவாக்கில் வெளியே வந்தது. அந்த அம்மையார் வந்து கையெழுத்திட ஏழு மாதம் ஆயிற்று. குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்ட நாங்கள் நடுவில் ஓர் ஒண்டுக்குடித்தனத்தில் சாமான்களை அடுக்கிவைத்துக் காத்திருந்தோம். பிறருக்குப் பத்திரம் பார்த்துச் சொல்வதையே தொழிலாகக் கொண்டவன் செய்த காரியம் இது.

டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் கட்டிய வீடு என்கிறார்கள். அங்கீகார எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன பார்ப்பது? (வாசகர், கோயம்புத்தூர்)

எண் உண்மையாகவே இருக்கும். அந்த எண்ணுக்குரிய வரைபடத்தில் உங்கள் மனை இருக்கிறதா என்பதைப் பாருங்கள். அங்கீகாரம் பெற்ற பகுதியை ஒட்டிப் பின்னால் வாங்கிப் பிரித்த நிலத்தையும் அதே பெயரில், அதே எண்ணைச் சொல்லி விற்பது பழைய வழக்கம். அப்படி அங்கீகாரம் இல்லாத மனையாக இருந்தால், அது 2016 அக்டோபர் 20க்கு முன் பிரிக்கப்பட்டதா, பின்னர் வரன்முறைப்படுத்தப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

அதன்பின் ஒரு நூறடி டேப்பையும் துணைக்கு ஓர் ஆளையும் அழைத்துக்கொண்டு மனைக்குப் போங்கள். பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில், சொத்து விவரத்தில், நான்கெல்லையும் நான்கு பக்க அளவும் இருக்கும். ஒரு நண்பருக்காக அண்மையில் இப்படி அளந்தபோது, வடபுறம் பத்திரத்தில் சொன்னபடியே 40 அடி வந்தது. தென்புறம் 38½ அடியில் பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவர் இடித்தது. 60 அடி ஆழமுள்ள மனையில் அந்த ஒன்றரை அடிச் சாய்வால் காணாமற்போனது 45 சதுர அடி. அளவு சிறியதுதான். ஆனால் அண்டை வீட்டாரோடு தொடங்கவிருந்த வழக்குக்கு அது போதுமானது. கிழக்கே "20 அடி சாலை" என்று எழுதியிருந்தால் சாலையையும் அளந்துவிடுங்கள். பட்டாவில் உட்பிரிவு எண் தனியாக இருக்கிறதா, கூட்டுப் பட்டாவா என்பதையும், நில அளவை வரைபடமான புலப்படத்தில் பக்கத்து எண் ஓடையாகவோ குளமாகவோ குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

வீட்டின் உரிமையாளர் சிங்கப்பூரில் வசிக்கிறார்; அவருடைய மைத்துனர், அவர் சார்பில் விற்பதற்கான பவர் (அதிகாரப் பத்திரம்) வைத்திருக்கிறார். பவர் ஏஜென்டிடம் வாங்குவது பாதுகாப்பானதா? (வாசகர், திருச்சி)

பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கும் வரை, அதை ரத்து செய்யாத வரை பாதுகாப்பானதே. அவர் இறந்துவிட்டால் சாதாரணப் பவர் அன்றே செயலிழந்துவிடும். பதிவின்போது உயிர்வாழ்வுச் சான்று கேட்கப்படுவது அதனால்தான். காணொளி அழைப்பில் உரிமையாளரிடம் நீங்களே விலையைச் சொல்லிப் பேசுங்கள், பணத்தை அவர் பெயரிலுள்ள கணக்குக்கே அனுப்புங்கள். அவர் வருமான வரிச் சட்டப்படி வெளிநாடுவாழ் நபராக இருந்தால், 50 லட்சம் ரூபாய் முதல் பிடிக்கும் வழக்கமான 1 சதவீத டிடிஎஸ் (விலையிலிருந்து வாங்குபவர் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) இங்கே பொருந்தாது. அதைவிட உயர்ந்த விகிதம் பொருந்தும், 50 லட்சம் என்ற வரம்பும் கிடையாது. பிடிக்கத் தவறினால் வரித்துறை உங்களைத்தான் கேட்கும் என்பதால் முன்பணத்துக்கு முன்பே ஓர் ஆடிட்டரைப் பாருங்கள்.

சென்னையில் 22 ஆண்டுப் பழைய குடியிருப்பில் 900 சதுர அடி வீடு வருகிறது. இரண்டு கிரவுண்டு நிலத்தில் ஒரே அளவில் 12 வீடுகள். யூடிஎஸ் (நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு) 410 சதுர அடி. நல்ல யூடிஎஸ் என்று தரகர் புகழ்கிறார். உண்மையா? (வாசகி, குரோம்பேட்டை)

பழைய கட்டடத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி நிலத்தின் பிரிக்கப்படாத பங்குக்கே போகிறது என்பதால், யூடிஎஸ்ஸைக் கேட்டது சரி. ஆனால் நீங்களே எழுதியுள்ள எண்களைப் பெருக்கிப் பாருங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, இரண்டு கிரவுண்டு 4,800. பன்னிரண்டு வீடுகளுக்குத் தலா 410 என்றால் 4,920 வருகிறது. இல்லாத 120 சதுர அடியை யாரோ யாருக்கோ விற்றிருக்கிறார்கள், அல்லது எல்லா வீடுகளுக்கும் பங்கு சமமில்லை, அல்லது நிலம் இரண்டு கிரவுண்டுக்குச் சற்றுக் கூடுதல். எது என்று தெரிய, அந்த வீட்டுக்கு மட்டும் அல்லாமல் முழு நிலத்துக்கும் வில்லங்கச் சான்று போட்டு, பன்னிரண்டு கிரயங்களிலும் உள்ள பங்கை ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். நாளை இடித்துக் கட்டும் பேச்சு வரும்போது, இந்தக் கணக்கு உதைக்கும் குடியிருப்பில்தான் கையெழுத்துகள் சேராமல் நின்றுபோகின்றன.

சங்கச் செயலாளரிடம் விற்பவருடைய பராமரிப்புப் பாக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள். அப்படியே கீழ்த்தள மின்மீட்டர் பெட்டி அருகே நின்று, 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று காவலாளியிடம் கேளுங்கள். பெரும்பாலும் அவர் வாயால் சொல்லாமல் சுவரில் கைவைத்தே காட்டுவார்.