மெதுவாக ஓட்டினால் படம் ஏன் உடைகிறது?

கேள்வி: பெங்களூரு ஜீவன் பீமா நகரில் 24 வீடுகள் உள்ள அபார்ட்மென்ட் எங்களுடையது. கேமரா போட்டு இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் வாசலில் நின்ற காரை ஒரு பைக் உரசிவிட்டுப் போய்விட்டது. பதிவை மெதுவாக ஓட்டினால் பைக் ஓரிடத்தில் தெரிகிறது, அடுத்த படத்தில் ஒரு கஜம் தள்ளித் தெரிகிறது. பின்னோக்கி ஓட்டினால் கட்டம் கட்டமாக உடைகிறது. நம்பர் பிளேட் வெறும் வெள்ளைக் கோடு. "ஸ்லோ மோஷன் நன்றாக வரும் புது டி.வி.ஆர். போடுங்கள்" என்கிறார் கேமரா போட்டவர். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் சொல்வதில் மூன்று கோளாறுகள் கலந்திருக்கின்றன. புது டி.வி.ஆர். (கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டி) தீர்த்துவைக்கக்கூடியது அதில் ஒன்றைத்தான், அதையும் அரைகுறையாக.

முதலில் அந்த ஒரு கஜம். பிளேபேக்கில் உள்ள ஸ்லோ மோஷன் பட்டன் புதிதாக எந்தப் படத்தையும் உண்டாக்காது. பதிவான ஃப்ரேமை, அதாவது ஒவ்வொரு தனிப்படத்தையும், அதிக நேரம் திரையில் நிறுத்திவைக்கும், அவ்வளவுதான். 40 கி.மீ. வேகத்தில் போகும் பைக் ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கும். நொடிக்கு 25 ஃப்ரேம் பதிவானால் இரண்டு படங்களுக்கு நடுவே 44 செ.மீ. நகர்ந்திருக்கும். 12 ஃப்ரேம் என்றால் 92 செ.மீ., கிட்டத்தட்ட ஒரு கஜம். ஹார்ட் டிஸ்க் அதிக நாள் தாங்கட்டும் என்று உங்கள் மெஷினில் 12 ஃப்ரேமுக்குக் குறைத்து வைத்திருக்க வாய்ப்பு அதிகம். கேமரா போடுபவர்கள் பலர் வழக்கமாகச் செய்வதுதான் இது.

அடுத்தது உடைகிற படம். ஹெச்.264, ஹெச்.265 என்ற முறைகளில் சுருக்கிய பதிவுகளில் எல்லா ஃப்ரேமும் முழுப்படமாக இருப்பதில்லை. எப்போதாவது ஒன்றுதான் முழுப்படம். அதற்கு ஐ-ஃப்ரேம் என்று பெயர், கீ ஃப்ரேம் என்றும் சொல்வார்கள். நடுவில் உள்ளவை மற்ற படங்களிலிருந்து எது மாறியது என்ற குறிப்பை மட்டும் வைத்திருக்கும். முன்னோக்கி ஓட்டும்போது சிக்கல் இல்லை. பின்னோக்கி ஒரு ஃப்ரேம் போக வேண்டுமானால் மெஷின் முந்தைய ஐ-ஃப்ரேமுக்கு ஓடி, அங்கிருந்து வரிசையாக எல்லாவற்றையும் விரித்து, நினைவகத்தில் வைத்துக்கொண்டு, கடைசியிலிருந்து காட்ட வேண்டும். 1080 படம் ஒன்று விரித்தால் சுமார் 3 எம்.பி. இரண்டு நொடிக்கு ஒரு ஐ-ஃப்ரேம் என்றால் 50 படம், 150 எம்.பி.க்கு மேல். 4கே கேமரா என்றால் இதுவே 600 எம்.பி.யைத் தாண்டும். மலிவான டி.வி.ஆரிடம் அவ்வளவு நினைவகம் கிடையாது. அதனால் ஐ-ஃப்ரேம்களை மட்டும் தாவித் தாவிக் காட்டும், அல்லது உடைக்கும். 'ஸ்மார்ட்', 'பிளஸ்' என்ற பெயரில் வரும் கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) வசதிகள் ஆன் ஆகியிருந்தால் ஐ-ஃப்ரேம் பல நொடிக்கு ஒருமுறைதான் வரும். இடம் மிச்சமாகும், பின்னோக்கிப் பார்ப்பது நரகம்.

செய்ய வேண்டியது: டி.வி.ஆர். மெனுவில் 'என்கோட்' அல்லது 'வீடியோ' பக்கத்தைத் திறந்து, கேட் பக்கம் பார்க்கும் கேமராவுக்கு மட்டும் ஃப்ரேம் ரேட் 25, ஐ-ஃப்ரேம் இடைவெளி 25, ஸ்மார்ட் கோடெக் ஆஃப் என்று வையுங்கள். ரெசொல்யூஷனில் '1080 லைட்' அல்லது '1080 என்' என்று இருந்தால் கவனம்: அதில் அகலம் 1920 அல்ல, 960 புள்ளிகள்தான். ஐ-ஃப்ரேம் அடிக்கடி வந்தால் இடமும் அதிகம் பிடிக்கும். பிட்ரேட்டை (நொடிக்குப் பதிவாகும் தரவின் அளவு) ஏற்றாமல் இடைவெளியை மட்டும் குறைத்தால் படம் மொத்தமும் மங்கிவிடும். நொடிக்கு 4 மெகாபிட் வைத்தால் ஒரு கேமராவுக்கு நாளைக்கு 43 ஜி.பி. நான்கு கேமரா இருந்து, எல்லாவற்றுக்கும் அதே அளவு வைத்தால் 2 டி.பி. டிஸ்க் 11 நாள் தாங்கும். மற்ற மூன்றையும் 2 மெகாபிட்டில் விட்டால் 18 நாள் வரும். டிஸ்க்கை மட்டும் பெரிதாக்குவது புது டி.வி.ஆரைவிட மலிவு. எஸ்.பி. ரோட்டில் வாங்கினால் கண்காணிப்புக்கென்றே செய்த டிஸ்க்கா, பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பழைய டிஸ்க்கை விலை குறைத்துத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு.

மூன்றாவது, நம்பர் பிளேட். இதற்கும் டி.வி.ஆருக்கும் சம்பந்தமே இல்லை, ஷட்டர் விவகாரம் இது. இரவில் கேமரா தானாக ஷட்டரை 1/25 நொடிக்குத் திறந்து வைத்தால் அந்த பைக் ஒரே ஃப்ரேமுக்குள் 44 செ.மீ. இழுபடும். பைக்கின் பின்பக்க பிளேட்டில் எழுத்துக் கோட்டின் தடிமன் 7 மி.மீ.தான். எத்தனை மெதுவாக ஓட்டினாலும் இழுபட்டது இழுபட்டதுதான். ஷட்டரை 1/250 அல்லது 1/500 என்று கட்டிவைத்து, வெளிச்சத்துக்கு கேட்டில் ஒரு நல்ல விளக்கு போடுங்கள். வண்டி குறுக்கே போகும் இடத்தில் வைக்காமல், கேமராவை நோக்கி வரும் கோணத்தில் வைத்து, முன்னால் ஒரு ஸ்பீட் பிரேக்கரும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

போன மாதப் பதிவை இன்னும் எடுத்து வைக்கவில்லை என்றால் இதைப் படித்து முடிக்கும் முன் எடுங்கள். டிஸ்க் நிரம்பினால் பழையதன் மேல் எழுதிவிடும். மானிட்டரை மொபைலில் படம் பிடித்ததைக் கொடுத்தால் நீதிமன்றத்தில் நிற்காது. பேக்கப் மெனுவில் மூலக் கோப்பாகவே பென் டிரைவில் இறக்குங்கள். வழக்கு என்று போனால் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழ் கேட்பார்கள், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) எழுத வேண்டும். ஆகவே இறக்கிய கோப்பை வெட்டாமல், திருத்தாமல் வையுங்கள்.

கேள்வி: மல்லேஸ்வரத்தில் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகள் மூன்றாம் காலத்தில் அடவு செய்வதை மொபைலில் எடுத்து மெதுவாகப் போட்டுக் காட்டுகிறேன். கை தெளிவில்லாமல் பேய்க்கை மாதிரி தெரிகிறது. ஸ்லோ மோஷன் மோடில் எடுத்தால் தட்டுக்கழி சத்தமே பதிவாகவில்லை. வேறு மொபைல் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். சாதாரண வீடியோ மோடிலேயே 1080, 60 ஃப்ரேம் என்று ஒரு தேர்வு இருக்கும், அதில் எடுங்கள். சத்தம் பதிவாகும். பாதி வேகத்தில் ஓட்டினாலும் நொடிக்கு 30 படம் கிடைப்பதால் தடங்கல் தெரியாது. கால் வேகம் தேவையானால்தான் 120 வேண்டும். கை மங்குவதற்குக் காரணம் ஹாலின் வெளிச்சம் போதாமை. ஜன்னல் பக்கம், பகலில் எடுத்துப் பாருங்கள். மொபைலில் மேனுவல் அல்லது புரோ வீடியோ இருந்தால் ஷட்டர் 1/200 போதும். வெளிச்சம் குறைந்தால் சில மொபைல்கள் தாமாகவே 60ஐ 30 ஆக்கிவிடும், 'ஆட்டோ எஃப்.பி.எஸ்.' என்று செட்டிங்கில் இருந்தால் அணையுங்கள்.

டியூப் லைட்டில் 240 ஃப்ரேம் எடுத்தால் படம் விட்டு விட்டு மினுங்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. நல்ல டிரைவர் உள்ள எல்.இ.டி.யில் இது தெரியாது. விளக்கு வாங்கும்போது கடையிலேயே மொபைலின் ஸ்லோ மோஷனில் அந்த விளக்கை எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று: பெற்றோருக்கு வாட்ஸ்ஆப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கும், மெதுவாகப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், 2 ஜி.பி. வரை போகும்.

லேப்டாப்பில் காட்டுவதானால் வி.எல்.சி.யில் 'ஈ' எழுத்து ஒவ்வொரு ஃப்ரேமாக முன்னே நகர்த்தும், ஆனால் 3ஆம் பதிப்பில் பின்னே வர வழியில்லை. எம்.பி.வி. என்ற இலவச பிளேயரில் புள்ளி பட்டன் முன்னே, கமா பட்டன் பின்னே. பின்னே வருவது தடுமாறினால் ஷாட்கட் மென்பொருளில் எக்ஸ்போர்ட் பக்கத்தின் கோடெக் பிரிவில் ஜி.ஓ.பி. 1, பி-ஃப்ரேம் 0 என்று வைத்து ஒரு பிரதி எடுங்கள். எல்லா ஃப்ரேமும் முழுப்படமாகிவிடும். கோப்பு பல மடங்கு பெருக்கும், அதனால் அரை நிமிடத் துண்டுகளுக்கு மட்டும் செய்யுங்கள். டி.வி.யில் போட்டால் 'மோஷன் ஸ்மூத்திங்' போன்ற வசதியை அணையுங்கள். அது இரண்டு படங்களுக்கு நடுவே தானே ஒரு படத்தைக் கற்பனை செய்து செருகும். முத்திரையைத் திருத்த உட்கார்ந்த இடத்தில் டி.வி.யின் கற்பனையைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: '960 ஃப்ரேம் சூப்பர் ஸ்லோ மோஷன்' என்று பெட்டியில் போட்ட மொபைல் வாங்கினேன். படம் கரைந்த மாதிரி வருகிறது. ஏமாற்றா? (விவேக் நகர்)

பதில்: இருக்கலாம். 240 அல்லது 480 ஃப்ரேம் எடுத்து, மீதியை மென்பொருளால் நிரப்பி 960 என்று எழுதுவது உண்டு. வீட்டிலேயே சோதிக்கலாம்: வெயிலில் நின்று டம்ளரிலிருந்து டபராவுக்குக் காபி ஆற்றுங்கள், அதை அந்த மோடில் எடுத்து ஒவ்வொரு ஃப்ரேமாகத் தள்ளுங்கள். நிஜ ஃப்ரேமில் ஒவ்வொரு துளியும் இடம் மாறிக்கொண்டே போகும். நிரப்பிய ஃப்ரேமில் துளி ஓரிடத்தில் கரைந்து இன்னோரிடத்தில் முளைக்கும், ஓரங்கள் நெளியும். பெட்டியில் சிறிய எழுத்தில் 'இன்டர்போலேட்டட்' (இடையில் நிரப்பியது) என்றோ 'ஏ.ஐ.' என்றோ இருந்தால் உங்கள் வாதம் பலவீனம். இல்லையென்றால் பெட்டியின் படம், பில், சோதனை வீடியோ மூன்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழையுங்கள். அதில் தீரவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: செட் டாப் பாக்ஸில் பதிவு செய்த கிரிக்கெட் ஆட்டத்தை நிறுத்தினால் பந்து இரண்டாகத் தெரிகிறது, படம் மேலும் கீழும் துடிக்கிறது. பாக்ஸை மாற்றினால் சரியாகுமா?

பதில்: பாக்ஸ் பழுதாகவில்லை. நம் ஹெச்.டி. சேனல்கள் பொதுவாக 1080 ஐ வகையில் வருகின்றன. ஒரு ஃப்ரேமில் இரண்டு ஃபீல்டுகள்: ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு கணத்தில், இரட்டைப்படைக் கோடுகள் 1/50 நொடி கழித்து. 130 கி.மீ. வேகப் பந்து அதற்குள் 70 செ.மீ. பறந்துவிடும். பாக்ஸ் இரண்டையும் சேர்த்து நிறுத்தும்போது இரண்டு பந்து. செட்டிங்கில் வீடியோ அவுட்புட்டை 1080 பி 50 என்று மாற்றிப் பாருங்கள், பல பாக்ஸ்களில் துடிப்பு அடங்கும். பதிவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிப் பார்க்கும் எண்ணம் வேண்டாம், அந்தப் பாக்ஸுக்கு மட்டும் திறக்கும்படி பூட்டியிருக்கும். ஆட்டத்தில் ஒளிபரப்பாளரே காட்டும் ரீப்ளே தெளிவாக இருப்பது தனி அதிவேகக் கேமராவால். உங்கள் பாக்ஸ் அதற்கு ஈடாகாது.

கேள்வி: 2003இல் நடந்த கல்யாணத்தின் மினி டி.வி. (Mini DV, வீடியோ கேமரா டேப்) கேசட்டுகளை மாற்றித் தர சிவாஜிநகரில் ஒரு கடையில் டி.வி.டி.யாகத் தருவதாகச் சொல்கிறார்கள். போதுமா?

பதில்: போதாது. மினி டி.வி. டேப்பில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனி முழுப்படம். அதனால்தான் மெதுவாகவும் பின்னோக்கியும் சுத்தமாக ஓடும். டி.வி.டி.யாக்கினால் 12, 15 ஃப்ரேமுக்கு ஒரு முழுப்படம் என்று சுருங்கிவிடும். ஃபயர்வயர் கேபிள் வழியாக டேப்பில் இருப்பதை அப்படியே டி.வி. (DV) கோப்பாக ஹார்ட் டிஸ்க்கில் இறக்கித் தரச் சொல்லுங்கள், டி.வி.டி. வேண்டுமானால் கூடுதலாக ஒன்று. சரியாகச் செய்தார்களா என்று கண்டுபிடிக்கக் கோப்பின் அளவைப் பாருங்கள். ஒரு மணி நேர டேப் 13 ஜி.பி. அளவில் இருக்க வேண்டும். 2 ஜி.பி. என்றால் சுருக்கிவிட்டார்கள், டேப்பைத் திரும்ப வாங்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.