பெட்டி வந்துவிட்டது, தேனீயைக் காணோம்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தேனீ பற்றியவை. எல்லாரும் ஒரே வீடியோவைப் பார்த்திருப்பீர்கள் போல. சரி, மொத்தமாக முடித்துவிடுவோம்.

குழித்துறை பக்கம் எங்களுக்கு அரை ஏக்கர் ரப்பர் இருக்கிறது. தேனீ வளர்க்க ஆசை. தேனீ வளர்ப்போர் சங்கத்தில் சேருவதா, வீடியோ பார்த்தே கற்றுக்கொள்வதா?

நீங்கள் இருப்பது மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில். 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் பெட்டித் தேனீயை அந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கினார், 1937-லேயே கூட்டுறவுச் சங்கம் வந்துவிட்டது, 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கொல்லன் தெருவில் குடியிருந்துகொண்டு ஊசியை ஆன்லைனில் தேடுவானேன்? சேருங்கள். பங்குத்தொகை கட்டினால் கையோடு ரசீது வாங்குங்கள். தேன் எடுக்கும் மெஷின் இரவல் கிடைக்குமா, தேனை என்ன விலைக்கு எடுப்பார்கள், பணம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்று மூன்று கேள்வி இருக்கிறது. அதை ஆபீசில் கேட்காதீர்கள், பல வருஷமாக உறுப்பினராக இருக்கிற ஒரு அண்ணாச்சியிடம் கேளுங்கள்.

அப்புறம் அதே அண்ணாச்சியிடம் ஒரு சீசன், தேனீயை அடக்கப் புகை ஊதும் புகைமூட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடங்கள். ரப்பர் இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும்போது இலைக்காம்பில் இனிப்பு நீர் சுரக்கும். உங்கள் ஊர்த் தேனில் பெரும்பங்கு அதிலிருந்து வருவதுதான், பூவிலிருந்து அல்ல. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அறுவடை. மழைக்காலத்தில் வரும்படி கிடையாது, நீங்கள்தான் சர்க்கரைப்பாகு வைத்துக் காப்பாற்ற வேண்டும். அந்தச் செலவை வீடியோக்காரர் சொல்லியிருக்க மாட்டார்.

தேனீயோடு சேர்த்து ஒரு பெட்டி 4,800 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். ஐந்தாம் நாள் எல்லாம் பறந்துவிட்டன. "உங்கள் இடம் ராசியில்லை" என்று விற்றவர் மெசேஜ் அனுப்புகிறார்.

ராசியாம்! வயிறு எரிகிறது, சகோதரி. நீங்கள் அனுப்பிய படத்தில் இரண்டே சட்டத்தில்தான் (தேனீ அடை கட்டப் பெட்டிக்குள் தொங்கவிடும் மரச்சட்டகம்) தேனீ இருக்கிறது, முட்டையோ புழுவோ கண்ணில் படவில்லை. ராணி இல்லாமல் ஒரு கைப்பிடித் தேனீயை அள்ளிப் போட்டு அனுப்பியிருப்பார் என்றே சந்தேகப்படுகிறேன். வளர்க்க வேண்டிய புழு இல்லாவிட்டால் தேனீக்கு அந்தப் பெட்டியில் என்ன வேலை?

அந்த ராசி மெசேஜை அழித்துவிடாதீர்கள், உங்களிடம் இருக்கிற நல்ல சாட்சி அதுதான். பணம் அனுப்பிய ஆதாரம், விளம்பரத்தின் படம், பெட்டியின் படம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு முதலில் 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். 4,800 ரூபாய்க்கு எதற்கு அலைச்சல் என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள், கேட்காதீர்கள். அந்தத் தைரியத்தில்தான் இவர்கள் கடை நடக்கிறது.

அடுத்த முறை நேரில் போய், மூடியைத் திறக்கச் சொல்லி வாங்குங்கள். நாலைந்து சட்டம் நிறையத் தேனீ வேண்டும், அடையின் அறைகளுக்கு அடியில் நூல் துணுக்கு மாதிரி வெள்ளை முட்டை தெரிய வேண்டும். புழுக்கள் நீர் கோத்த பை போலச் செத்துக் கிடந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அது சாக்புரூட் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பெட்டி பெட்டியாகக் காலி செய்தது அதுதான்.

தலை முதல் கால் வரை மூடுகிற வெள்ளை உடுப்பு 3,500 ரூபாய். அவசியமா?

பெட்டியில் வளர்க்கிற நம்மூர் அடுக்குத் தேனீக்கு ஒரு முகவலையும் முழுக்கைச் சட்டையும் போதும். நான் வாங்கினேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது போட்டுக்கொள்கிறேன், அதற்கு நன்றாக இருக்கிறது.

பெட்டி ஒரு கடையில், சட்டங்கள் இன்னொரு கடையில் வாங்கினேன். சட்டம் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. யார் மேல் தப்பு?

உட்காருங்கள், இது என் பழைய எரிச்சல். நியூட்டன் பெட்டி என்று ஒன்று, மார்த்தாண்டம் பெட்டி என்று ஒன்று, ஐ.எஸ்.ஐ. அளவு என்று ஒன்று. இத்தாலியத் தேனீக்கான லாங்ஸ்ட்ராத் பெட்டி தனி, அது பெரிசு. ஒன்றின் சட்டம் இன்னொன்றில் உட்காராது. ஆனால் விளம்பரத்தைப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், "தேனீப் பெட்டி". எந்தத் தேனீக்கு, எந்த அளவு என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? செருப்புக்குக்கூட நம்பர் போட்டு விற்கிறார்கள்.

இதில் அழகு வேறு. நான் முதலில் வாங்கியது தேக்கில் செய்து வார்னிஷ் அடித்த பெட்டி, சாமி மண்டபம் மாதிரி இருக்கும். சட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. நம் தேனீக்கு நடமாடச் சுமார் 8 மில்லிமீட்டர் சந்து வேண்டும், குறைந்தால் நுழைய முடியாது, கூடினால் சும்மா கிடக்கிறதே என்று அங்கேயும் அடை கட்டிவிடும். கட்டிவிட்டன. நான் மூடியைத் தூக்கினேன், அடையும் கூடவே கிழிந்து வந்தது, தேன் வழிந்தது, எறும்பு ஏறியது, மறுநாள் மாலைக்குள் கூட்டம் காலி. நான் கொடுத்த விலைக்கு ஊர் ஆசாரியிடம் மூன்று பெட்டி செய்திருக்கலாம் என்பது பிறகு தெரிந்தது. இப்போது அதில் பழைய பேப்பர் போட்டு வைக்கிறோம்.

பக்கத்துத் தோட்டக்காரர் எந்தப் பெட்டி வைத்திருக்கிறாரோ அதையே வாங்குங்கள், அது சுமாரான பெட்டியாக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் ராணி செத்துப்போனால் முட்டையுள்ள ஒரு சட்டத்தை அவரிடம் கடன் வாங்கி வைத்துப் புது ராணி வளர்க்க வைக்கலாம், சட்டம் பொருந்தினால்தானே அது நடக்கும்? உங்கள் கேள்விக்கு வருகிறேன். தப்பில் பாதி அளவு போடாமல் விற்றவர் மேல், பாதி டேப் வைத்து அளக்காத உங்கள் மேல். சட்டத்தைத் திருப்பிக் கொடுங்கள், பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள்.

15 பெட்டி தேனீயோடு வாங்கிவிட்டேன். இனிமேல்தான் பயிற்சிக்குப் போகணும். நல்ல இடம் சொல்லுங்கள்.

தாலி கட்டிவிட்டுப் பெண் பார்க்கக் கிளம்புகிறீர்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் துறையினர் மாதாமாதம் ஒருநாள் பயிற்சி நடத்துகிறார்கள், போங்கள். போவதற்கு முன் 13 பெட்டியைத் தெரிந்தவர் கையில் ஒப்படையுங்கள். நீங்கள் கற்று முடிக்கிறவரை அவை பட்டினி கிடக்குமா?

ஒன்றரை லட்சம் கட்டினால் 20 பெட்டியும் சான்றிதழும் தந்து, தேனையும் அவர்களே நல்ல விலைக்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறார்களாம். சேரலாமா?

ஈமு கோழி வளர்த்தால் கொழிக்கலாம் என்று பணம் வாங்கி ஏமாற்றினார்களே, ஞாபகம் இருக்கிறதா? 2012? வேண்டாம்.

மார்த்தாண்டம் போனபோது வாங்கிய தேன் இரண்டே மாதத்தில் அடியில் சர்க்கரையாக உறைந்துவிட்டது. கலப்படம்தானே? கடைக்காரருக்குப் போன் போட்டு நன்றாகத் திட்டிவிட்டேன்.

உறைவதை வைத்துக் கலப்படம் என்று சொல்ல முடியாது. நல்ல தேனும் உறையும், ரப்பர் தேன் சீக்கிரமே உறையும். பாட்டிலை இளஞ்சூட்டு வெந்நீரில் வையுங்கள், இளகிவிடும். அது இளகுவதற்குள் அந்தக் கடைக்காரருக்கு இன்னொரு போன் போட்டு மன்னிப்புக் கேளுங்கள்.