காலி டம்ளரில் என்ன சிகிச்சை?

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. நூறு வரை எண்களைச் சொல்கிறான். ஆனால் ‘தண்ணீர் வேண்டும்’ என்று கேட்கத் தெரியவில்லை. பொம்மைக் காரை ஓட்டாமல், கவிழ்த்து வைத்துச் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறான். மருத்துவர் சொன்னதால் தெரபிக்கு அழைத்துப் போகிறோம். அங்கே தெரபிஸ்ட் காலி டம்ளரில் காபி குடிப்பதுபோலவும், கரடி பொம்மைக்குச் சோறு ஊட்டுவதுபோலவும் நடித்துக்கொண்டிருக்கிறார். “விளையாட்டுக் காட்டவா பணம் கட்டுகிறோம், பேச வைக்கச் சொல்” என்கிறார் மாமியார். என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: பணம் கட்டுகிறவர்கள் கேட்கத்தான் வேண்டும், உங்கள் மாமியார் மீது குறையில்லை. ஆனால் அந்தத் தெரபிஸ்ட் செய்வதும் பேச்சுக்கான வேலைதான். இல்லாத காபியை இருப்பதாகக் கொள்வதற்கும், ஒரு சொல்லைக் கேட்டதும் கண்ணெதிரே இல்லாத பொருளை மனத்தில் கொண்டுவருவதற்கும் அடிப்படையான திறன் ஒன்றே என்று கருதப்படுவதால்தான், பேச்சுத் தாமதமுள்ள குழந்தைகளுக்குப் பாவனை விளையாட்டைச் சிகிச்சையின் பகுதியாகவே வைத்திருக்கிறார்கள். 1992-இல் இங்கிலாந்தில் சைமன் பேரன்-கோஹன் குழுவினர், 18 மாதக் குழந்தைகளிடம் ஆட்டிசத்தின் அறிகுறிகளைக் கண்டறியப் பயன்படுத்திய கேள்விப்பட்டியலிலும் இந்த விளையாட்டு இடம்பெற்றிருந்தது. இது ஒன்றை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று எவரும் முடிவுகட்டிவிட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பொதுவாக ஒன்றரை வயதையொட்டிக் குழந்தை தானே காலி டம்ளரை வாயில் வைத்துக் குடிப்பதுபோல் காட்டும். 2 வயதில் அதைப் பொம்மைக்கும் கொடுக்கும். பிறகு சீப்பைக் காதில் வைத்து “ஹலோ” என்னும். உங்கள் மகன் முதல் படியில் நிற்கிறான் என்று கணித்ததால்தான் தெரபிஸ்ட் டம்ளரிலிருந்து தொடங்கியிருப்பார்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது, அவன் கையிலுள்ள காரைப் பிடுங்கிச் சரியாக ஓட்டிக் காட்டுவது அன்று. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இன்னொரு காரைக் கவிழ்த்து நீங்களும் சக்கரத்தைச் சுற்றுங்கள். அவன் உங்களைக் கவனிக்கத் தொடங்கியதும், “ஐயோ, பஞ்சர்!” என்று சொல்லி, பென்சில் ஒன்றைப் பம்பாக வைத்து ‘புஸ், புஸ்’ என்று காற்றடியுங்கள். அடித்து முடித்ததும் காரை நிமிர்த்தி ஓரடி தூரம் ஓட்டிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்துப் பேசாமல் காத்திருங்கள். அந்தக் காத்திருப்பில்தான் பெரும்பாலான பெற்றோர் பொறுமையிழந்து, “இது என்ன கலர்? எத்தனை சக்கரம்?” என்று பரீட்சை வைக்கத் தொடங்கிவிடுகிறார்கள், அந்தக் கணமே விளையாட்டு முடிந்துவிடுகிறது. ஏற்கெனவே எண் சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் எண்ணிக்கை கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அடுத்து, அவன் நன்கு அறிந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்துப் பிள்ளைக்கு, இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே காய்த் துருவல் வைத்துத் தரும் தட்டுவடை செட் தெரியாமலிருக்காது. கடையில் செட் போடுவதை ஒருநாள் நின்று பார்க்கச் செய்து, வாங்கியும் கொடுத்துவிட்டு, வீட்டில் இரண்டு டப்பா மூடிகளுக்கு நடுவே பீட்ரூட் துருவலுக்குப் பதிலாகச் சிவப்பு நூல் துணுக்குகளை வைத்து அவனுக்கு நீட்டுங்கள். நீங்களும் ‘நறுக் நறுக்’ என்று மெல்வதுபோல் காட்டுங்கள். நூலை அவன் உண்மையாகவே வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சொல்லிக்கொடுத்த மூடியை வைத்து மட்டும் அவன் அப்படியே செய்துகாட்டினால் அது மனப்பாடம். வேறொரு பொருளைத் தானாக எடுத்து உங்களுக்கு நீட்டிச் சிரித்தானானால் அதுவே முன்னேற்றம்.

பேச்சுப் பயிற்சியை நிறுத்த வேண்டாம். கேட்புத்திறன் பரிசோதனை செய்யாதிருந்தால் அதை முதலில் செய்துவிடுங்கள். கட்டணம் பாரமாக இருந்தால், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளுக்கான மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தைக் கேட்டுப் போங்கள். அங்கே கட்டணம் இல்லை.

கேள்வி: டவுன் சிண்ட்ரோம் உள்ள என் மகளுக்கு 5 வயது. பொம்மைக்குச் சோறு ஊட்டுகிறாள். எத்தனை நாளானாலும் அதையேதான் செய்கிறாள். எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு வாராவாரம் தெரபிக்காகச் சேலத்துக்கு இறங்கி வர இயலவில்லை.
– ஒரு தாய், ஏற்காடு

பதில்: திரும்பத் திரும்பச் செய்வது அவளுக்கு அவசியம், அதைத் தடுக்காமல் முன்னும் பின்னும் ஒவ்வொரு செயலாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். சோற்றுக்கு முன் அடுப்பு மூட்டுதல், சில நாள் கழித்து, ஊட்டியபின் பொம்மையின் வாயைத் துடைத்தல் என்று போகலாம். ஒரே நாளில் இரண்டு வேண்டாம். வேறு கதை வேண்டுமானால் நீங்கள் வந்துபோகும் பேருந்தே போதும். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துத் திருப்பி ஓட்டுங்கள். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றுக்கும் உடம்பைச் சாய்ப்பதே அவளுக்குப் போதிய வேடிக்கையாக இருக்கும். பொம்மைக்கும் டிக்கெட் கொடுக்கச் சொல்லுங்கள். அவள் விளையாடுவதை ஒரு நிமிடம் போனில் வீடியோ எடுத்து வைத்திருந்து தெரபிஸ்டிடம் காட்டினால், வாரம் தவறாமல் வர முடியாவிட்டாலும் அடுத்து எதைச் சேர்ப்பது என்று அவரால் சொல்ல முடியும்.