அறையில் புலி, பேண்டில் எலி

கேள்வி: நான்கு வருடமாக எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். சிங்கிள் காயில் பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தமும் ஒற்றைக் கம்பிச்சுருளும்) வைத்த கிட்டார், 40 வாட் ட்யூப் ஆம்ப் (வால்வில் இயங்கும் ஆம்ப்ளிஃபையர்), ஒலியை மாற்றும் ஐந்து பெடல்கள் இருக்கின்றன. அறையில் தனியாக வாசித்தால் டோன் கனமாக, பிரமாதமாக இருக்கிறது. அதே செட்டிங்கில் பேண்டோடு வாசித்தால் நான் வாசிப்பது எனக்கே கேட்பதில்லை. வால்யூமை ஏற்றினால் காதைக் குத்துகிறது என்கிறார்கள். ஹம்பக்கருக்கு (இரண்டு காயில் உள்ள பிக்கப்) மாறட்டுமா, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் இன்னொன்று வாங்கட்டுமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். 40 வாட் ட்யூப் ஆம்ப், டிரம்ஸோடு மல்லுக்கட்டத் தாராளமாகப் போதும். ஆகவே உங்களுக்குக் குறைவது சத்தம் இல்லை.

ஆம்பில் பேஸ் (தாழ்ந்த ஒலி), ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) நாப்கள் உயரத்தில், மிட் (நடு ஒலி) நாப் அடிமட்டத்தில் இருக்கிறது என்று பந்தயம் கட்டுவேன். அறையில் தனியாக வாசிக்கிற எல்லோரும் அங்கேதான் போய் நிற்கிறோம். அதற்குக் காரணம் காது. சத்தம் குறைவாக இருக்கும்போது தாழ்ந்த ஒலிகளும் மிக உயர்ந்த ஒலிகளும் நமக்கு மங்கலாகவே கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து வெளியிட்டார்கள். அந்தக் குறையை ஈடுகட்ட, நாம் அறியாமலேயே இரண்டு நாப்களையும் திருகிவிடுகிறோம். பேண்டில் சத்தம் கூடியதும் காது சமநிலைக்கு வந்துவிடும். நாப்கள் மட்டும் திருகிய இடத்திலேயே இருக்கும்.

இன்னொன்றும் நடக்கிறது. உங்கள் கிட்டாரின் தடித்த ஈ ஸ்ட்ரிங் 82 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் ஈ 41 ஹெர்ட்ஸ். நீங்கள் ஏற்றி வைத்த பேஸ் முழுவதும் பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் ஏற்கெனவே குடியிருக்கும் இடத்தில் போய் விழுகிறது. மேலே உள்ள ட்ரெபிளைச் சிம்பல் விழுங்கிவிடுகிறது. கிட்டாருக்கென்று மிஞ்சுவது நடுப்பகுதி. அதைத்தான் நீங்களே வெட்டி எறிந்திருக்கிறீர்கள். அடுத்த ஒத்திகையில் பேஸைப் பாதிக்குக் கீழே இறக்கி, மிட்டைப் பாதிக்கு மேலே ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்தவர் பேசுவதுபோல் இருக்கும், உங்களுக்கே பிடிக்காது. டிரம்ஸ் தொடங்கும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கெயினையும் (டிஸ்டார்ஷன் அளவைக் கூட்டும் நாப்) குறைக்க வேண்டும். டிஸ்டார்ஷன் கூடக் கூட, மெல்ல மீட்டுவதற்கும் ஓங்கி அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அழிந்துவிடும். பிக் (மீட்டும் சிறு தகடு) ஸ்ட்ரிங்கைத் தொடும் அந்த முதல் 'டக்' போய்விட்டால் ஒவ்வொரு ஸ்வரமும் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் எல்லாம் குழம்பாகிவிடும். இன்னொரு டிஸ்டார்ஷன் பெடல் வேண்டாம் என்றது இதனால்தான். உங்கள் ஐந்தில் ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் (லேசான டிஸ்டார்ஷன் தரும் பெடல்) இருந்தால், அதன் டிரைவைக் குறைத்து லெவலை ஏற்றி, ஆம்புக்கு வலுவான சிக்னல் அனுப்பப் பயன்படுத்துங்கள். அந்தப் பெடல் இயல்பிலேயே 700 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தைத் தூக்கிக் கொடுக்கும். எதிரொலி தரும் டிலே, ரிவெர்ப் பெடல்கள் இருந்தால் அவை டிஸ்டார்ஷனுக்குப் பிறகு வரட்டும்.

காதைக் குத்துகிறது என்றவர்கள் பொய் சொல்லவில்லை. ஆம்ப் தரையில்தானே இருக்கிறது? ஸ்பீக்கரிலிருந்து உயர்ந்த ஒலிகள் டார்ச் வெளிச்சம்போல நேராகத்தான் பாயும். உங்கள் முழங்காலுக்குப் போகிற ட்ரெபிள் உங்களுக்குக் கேட்காது, நீங்கள் ஏற்றுவீர்கள். சற்றுத் தள்ளி எதிரே உட்கார்ந்திருப்பவர் அனுபவிப்பார். ஆம்பை நாற்காலிமேல் வையுங்கள், அல்லது பின்னால் சாய்த்து ஸ்பீக்கர் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி வைத்து, அப்புறம் ட்ரெபிளைத் தொடுங்கள்.

ஹம்பக்கர் விஷயம். 1955-ல் கிப்ஸனில் சேத் லவர் அதை உருவாக்கியது மின்சார இரைச்சலை ஒழிக்க. எதிரெதிராக இயங்கும் இரண்டு காயில்களில் அந்த இரைச்சல் ஒன்றையொன்று அடித்து ரத்தாகிவிடும். நடுப்பகுதி தடித்துக் கேட்பது கூடவே வந்த லாபம். உங்கள் கடிதத்தில் இரைச்சல் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மிட் நாப் இலவசமாகத் தருவதற்காகக் கிட்டாரை ஏன் வெட்டிக் குடைய வேண்டும்?

இருக்கிற பிக்கப்பின் உயரத்தை ஒரு ஸ்க்ரூடிரைவரால் சரிபார்ப்பது அதைவிட உபயோகமான வேலை. கடைசி பிரெட்டில் (கிட்டார் கழுத்தின் உலோகப் பட்டை) ஸ்ட்ரிங்கை அழுத்திக்கொண்டு, பிக்கப்பின் காந்தத்துக்கும் ஸ்ட்ரிங்குக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். சிங்கிள் காயிலுக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் தொடங்குங்கள், தடித்த ஸ்ட்ரிங் பக்கம் இன்னும் கொஞ்சம் அதிகம். நெருங்கினால் சத்தம் கூடும். ஆனால் காந்தம் ஸ்ட்ரிங்கை இழுத்து, ஸ்வரம் நிற்காமல் செத்துவிடும், சுருதியும் தடுமாறும். ஸ்ட்ரிங் துருப்பிடித்திருந்தால் இவ்வளவும் வீண், முதலில் அதை மாற்றிவிடுங்கள்.

ஒரு மாத ஒத்திகைக்குப் பிறகும் டோன் மெலிந்தே கேட்டால் மறுபடி எழுதுங்கள். எத்தனை அங்குல ஸ்பீக்கர், இன்னொரு கிட்டாரிஸ்ட் பேண்டில் உண்டா, அவர் மிட்டை எங்கே வைத்திருக்கிறார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.