கையைக் கடிக்காத வாட்ச், காலைக் கடிக்காத ஷூ

கேள்வி: எனக்கு வயது 24. தணிக்கை நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். இதுவரை அலுவலகத்துக்குள்ளேயே வேலை. அடுத்த மாதத்திலிருந்து வாடிக்கையாளர்களை நேரில் சந்திக்க அனுப்பப்போகிறார்கள். கையில் ஸ்மார்ட் வாட்ச், காலில் கறுப்பு ஸ்போர்ட்ஸ் ஷூ, இதுதான் இப்போதைய கோலம். ஃபார்மலாக ஒரு வாட்சும் ஒரு ஜோடி ஷூவும் வாங்க நினைக்கிறேன். சேமிப்பில் முக்கால்வாசியை, கை அசைவில் தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வாட்சுக்கும் மிச்சத்தை ஷூவுக்கும் ஒதுக்கியிருக்கிறேன். பிடித்துப்போன வாட்ச் 44 மி.மீ., டயலுக்குள் மூன்று குட்டி டயல்கள். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாங்கினால் கௌரவக் குறைச்சல் என்கிறான் நண்பன். என் மணிக்கட்டு ஒல்லி, பாதம் அகலம். எந்த ஷூ போட்டாலும் சுண்டுவிரல் வலிக்கிறது. ஸ்ட்ராப்பும் ஷூவும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டுமா? ஸ்மார்ட் வாட்சை என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஒதுக்கீட்டை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள் தம்பி. பெரும்பங்கு ஷூவுக்கு, மிச்சம் வாட்சுக்கு. விலை குறைந்த நல்ல வாட்சும் விலை கூடிய வாட்சும் காட்டுவது ஒரே மணியைத்தான். மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. ஷூ அப்படியில்லை. காலையிலிருந்து இரவுவரை உங்கள் முழு எடையையும் அதுதான் தாங்குகிறது. மட்டமானதாக வாங்கினால் சில மாதங்களிலேயே மடிப்பில் வெடித்து, ஹீல் ஒருபக்கமாகத் தேய்ந்து, மானத்தை வாங்கும். வாட்ச் கையைக் கடித்தால் ஒரு மாதம் சிக்கனமாக இருந்து சமாளிக்கலாம். ஷூ காலைக் கடித்தால் வாடிக்கையாளர் சொல்வது ஒன்றும் காதில் ஏறாது.

அதனால் ஷூவிலிருந்தே தொடங்குவோம். சுண்டுவிரல் வலிக்கிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். அகலப் பாதம் உள்ளவர்கள் வழக்கமாகச் செய்வது, ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது. பிரிட்டிஷ் அளவுமுறையில் ஒரு எண் கூடினால் நீளம் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது சுமார் எட்டரை மில்லிமீட்டர் கூடும். அகலம் கொஞ்சம்தான் கூடும். அப்புறம் என்ன ஆகும்? பாதம் மடங்கும் இடம் ஒன்று, ஷூ மடங்கும் இடம் வேறொன்று. குதிகால் ஒவ்வோர் அடிக்கும் மேலே எழும்பி உரசும். கால் முன்னால் வழுக்கும். சுண்டுவிரல் மறுபடி அதே இடத்தில் போய் மாட்டும்.

உங்களுக்கு வேண்டியது நீளம் அல்ல, அகலம். தரமான ஷூக்களில் சைஸ் எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். பல பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு எஃப் நடுத்தர அகலம், ஜி அதைவிட அகலம். நிறுவனத்துக்கு நிறுவனம் இது கொஞ்சம் மாறும். அமெரிக்க முறையில் ஆண்களுக்கு டி நடுத்தரம், இ, இஇ என்று அகலம் கூடிக்கொண்டே போகும். கடையில் அந்த எழுத்தைக் கேட்டு வாங்குங்கள். எழுத்தே அச்சிடாத ஷூ என்றால் நடுத்தரம் மட்டும்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு அடுத்த ஜோடிக்குப் போய்விடுங்கள். ‘போடப்போட இளகிடும் சார்’ என்று விற்பனையாளர் சொல்வார். தோல் ஓரளவு இளகும், உண்மைதான். ஆனால் கடையிலேயே சுண்டுவிரலை நெரிக்கிற ஷூ இளகி முடிப்பதற்குள் உங்கள் விரலில் ஆணி வந்துவிடும்.

அளவெடுக்க மாலையில் போங்கள். நாள் முழுக்க நடந்த பாதம் காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் வீங்கியிருக்கும். நின்றபடி, இரண்டு பாதங்களையும் அளக்கச் சொல்லுங்கள். பலருக்கு ஒரு பாதம் மற்றதைவிடப் பெரிது; பெரிய பாதத்துக்கு ஷூ வாங்கி, தேவைப்பட்டால் சின்னதற்கு மெல்லிய உள்பட்டை வைத்துக்கொள்ளலாம். சில கடைகளில் பிரான்னக் என்ற உலோக அளவுப்பலகை இருக்கும். பாதத்தின் நீளம், அகலம் மட்டுமல்ல, குதிகாலிலிருந்து பெருவிரலின் அடிமூட்டு வரையுள்ள தூரத்தையும் அது காட்டும். ஷூ மடங்க வேண்டிய இடம் அந்த மூட்டுதான். பலகை இல்லாத கடையில், ஷூவைப் போட்டுக்கொண்டு குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். மடிப்பு அந்த மூட்டுக்கு நேராக விழுந்தால் சரி. விரல்களின் மேல் விழுந்தால் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். ஆபீஸுக்குப் போடப்போகிற சாக்ஸோடு போய்ப் பார்ப்பது முக்கியம். தடித்த ஸ்போர்ட்ஸ் சாக்ஸோடு பார்த்து வாங்கிய ஷூ மெல்லிய சாக்ஸுக்கு லொடலொடக்கும்.

அடுத்தது வடிவம். ஃபார்மல் ஷூவில் முக்கியமானவை இரண்டு: ஆக்ஸ்ஃபோர்டு, டெர்பி. லேஸ் கோக்கும் இரு மடல்களும் முன்பக்கத் தோலுக்கு அடியில் தைக்கப்பட்டு, இழுத்துக் கட்டினால் ஒன்றோடொன்று சேர்ந்து மூடிக்கொள்வது ஆக்ஸ்ஃபோர்டு. மடல்கள் மேலே தைக்கப்பட்டு, இரு கதவுகள் போல விரிவது டெர்பி. ஆக்ஸ்ஃபோர்டுதான் அதிக ஃபார்மல், சந்தேகமில்லை. ஆனால் அகலமான பாதத்திலும் புறங்கால் உயர்ந்த பாதத்திலும் ஆக்ஸ்ஃபோர்டின் மடல்கள் மூடாமல் நடுவில் வி வடிவத்தில் பெரிய இடைவெளி விழும். பார்த்தவுடன் தெரியும் ஷூ பற்றவில்லை என்று. புது ஷூவில் விரலளவுக்கும் குறைவான இடைவெளி இருக்கலாம், போகப்போகக் குறையும். அதற்கு மேல் என்றால் அது உங்கள் காலுக்கானது அல்ல. நீங்கள் கறுப்பு டெர்பி வாங்குங்கள். முனை உருண்டையாக, மேலே எந்த வேலைப்பாடும் இல்லாமல், அல்லது முனையில் ஒரே ஒரு தையல் கோட்டோடு. துளைத்துளையாக அலங்காரம் செய்த புரோக் வகை பிற்பாடு வரட்டும். சதுர முனையும் எலிமூஞ்சி போன்ற கூர்முனையும் வேண்டவே வேண்டாம். கூர்முனை உங்கள் சுண்டுவிரலுக்குச் செய்கிற துரோகம்.

தோலைப் பார்க்க ஒரு எளிய வழி. ஷூவின் முன்பகுதியைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்துங்கள். நல்ல தோலில் விரலைச் சுற்றி மயிரிழை போன்ற மெல்லிய சுருக்கங்கள் எழுந்து, விரலை எடுத்ததும் மறையும். தோலின் மேற்பரப்பைத் தேய்த்துவிட்டு பிளாஸ்டிக் பூச்சு அடித்த வகையில் ஓரிரு தடித்த மடிப்புகள்தான் விழும். கடையில் கண்ணாடி மாதிரி மின்னுவது பெரும்பாலும் இந்த வகைதான். அந்தப் பூச்சு வெடித்தால் பிறகு எந்த பாலிஷும் காப்பாற்றாது. ‘ஜென்யூன் லெதர்’ என்ற முத்திரையில் மயங்க வேண்டாம். தோல் இருக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி, நல்ல தோல் என்பதற்கு அல்ல. ‘ஃபுல் கிரெயின்’ என்று போட்டிருந்தால் மேற்பரப்பைத் தேய்க்காத தோல் என்று பொருள். அது கிடைத்தால் விடாதீர்கள்.

சோல் எப்படிச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதையும் கேளுங்கள். வெறும் பசையால் ஒட்டியது, பிளேக் தையல், குட்இயர் வெல்ட் என்று மூன்று வகை பரவலாகக் கிடைக்கின்றன. 1850களில் லைமன் பிளேக் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த இயந்திரத்தில் சோலையும் உள்பட்டையையும் ஒரே தையலில் இணைக்கலாம். மெலிதாக, இலகுவாக மடங்கும். குட்இயர் வெல்ட்டில் இடையே ஒரு தோல் பட்டை ஓடும், சோல் அந்தப் பட்டையோடு தைக்கப்படும். சோல் தேய்ந்தால் தையலைப் பிரித்து, மேல்தோலுக்குச் சேதமில்லாமல் புது சோல் மாட்டலாம். ரப்பரைப் பதப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்த சார்லஸ் குட்இயரின் மகன் பெயரில் வழங்குவது இது. உங்கள் பணம் எட்டினால் குட்இயர் வெல்ட்டே நல்லது. ஆனால் சோலைச் சுற்றித் தையல் தெரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள். ஒட்டிய ஷூவிலும் அழகுக்காகத் தையல் போடுகிறார்கள். தையல் மாதிரியே அச்சு வார்த்ததும் உண்டு. சோலை மாற்றித் தர முடியுமா என்று நேராகக் கேளுங்கள், பதிலில் தெரிந்துவிடும். எட்டவில்லையா, பரவாயில்லை. தோலும் பொருத்தமும் நன்றாக இருந்தால் ஒட்டிய ஷூவும் முதல் ஜோடிக்குப் போதும். குட்இயர் வெல்ட் என்பதற்காகக் கால் பொருந்தாததை மட்டும் வாங்காதீர்கள். அடிப்பாகம் மெல்லிய ரப்பராக இருக்கட்டும். தோல் சோல் ஈரத் தரையில் காலை வாரிவிடும்.

ஒரே ஷூவைத் தினமும் போடாதீர்கள். உள்ளே இறங்கிய வியர்வை காய ஒருநாள் தேவை. கழற்றியதும் ஷூவுக்குள் வைப்பதற்கென்றே பாத வடிவில் செய்த மரக்கட்டையோ, அதுவும் இல்லையென்றால் கசக்கிய செய்தித்தாளோ உள்ளே வைத்தால் வடிவம் நிற்கும். லேஸை அவிழ்க்காமல் காலைத் திணித்துக் குதிகால் பகுதியை மிதிக்கிற பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

சரி, வாட்சுக்கு வருவோம். நீங்கள் ஆசைப்பட்டது குரோனோகிராஃப். நொடிகளை நிறுத்தி எண்ணுவதற்கான வாட்ச் அது. குட்டி டயல்கள் அந்தக் கணக்கைக் காட்டத்தான். அழகுதான், ஆனால் ஃபார்மல் வாட்ச் என்று சொல்ல முடியாது. ஃபார்மல் வாட்சின் முதல் வேலை சட்டையின் கைமுனைக்குள் சத்தமில்லாமல் நுழைந்துகொள்வது. தடித்த வாட்ச் கைமுனையில் மாட்டி நிற்கும். ஒவ்வொரு முறை கை நீட்டும்போதும் இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். இந்த வகைக்கே இலக்கணம் என்று சொல்லப்படும் சுவிஸ் நிறுவனமான படேக் ஃபிலிப்பின் கலத்ராவா வாட்ச் 1932இல் வந்தபோது அதன் விட்டம் சுமார் 31 மி.மீ.தான்! இன்றைய கண்ணுக்கு அது சிறிது. ஒல்லியான மணிக்கட்டுக்கு 36 முதல் 38 வரை பாருங்கள். விட்டத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு: ஸ்ட்ராப் மாட்டுகிற மேல், கீழ் கொம்புகளின் நுனிக்கு நுனி உள்ள நீளம். கொம்புகள் மணிக்கட்டின் தட்டையான பகுதியைத் தாண்டி அந்தரத்தில் நின்றால், அப்பா வாட்சைப் பையன் கட்டிக்கொண்டது போல இருக்கும். தடிமன் 9 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது.

இந்தத் தடிமனில்தான் நண்பரின் வாதம் அடிபட்டுப்போகிறது. ஆட்டோமேட்டிக்கில் தானாகச் சாவி கொடுக்கிற ஒரு சுழல்தட்டு உள்ளே இருப்பதால், குறைந்த விலையில் மெலிதான ஒன்று கிடைப்பது அபூர்வம். அதோடு பலவற்றுக்கு ஒருமுறை முழுசாக ஏறிய விசை சுமார் 40 மணி நேரம்தான். வெள்ளி மாலை கழற்றி வைத்தால் திங்கள் காலை நின்றுபோயிருக்கும். அவசரத்தில் மணியும் தேதியும் திருத்திக்கொண்டு நிற்பீர்கள். குவார்ட்ஸ் வாட்சில் ஒரு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சாதாரண குவார்ட்ஸ் ஒரு மாதத்தில் தவறும் நொடிகளை, சாதாரண ஆட்டோமேட்டிக் ஒரே நாளில் தவறவிடலாம். கௌரவம் என்கிறாரா? 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் செய்கோ நிறுவனம் வெளியிட்ட முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் விலை அன்றைய கார் ஒன்றின் விலைக்கு நிகர். 1917இல் உருவான, பிரெஞ்சு நகை நிறுவனமான கார்டியேயின் டேங்க் வாட்சே இன்று குவார்ட்ஸ் இயந்திரத்தோடும் விற்பனையாகிறது. ஆட்டோமேட்டிக் மேல் ஆசை இருந்தால் தப்பில்லை, அந்த இயந்திரத்தின் அழகே தனி. ஆனால் அது உங்கள் ஆசைக்காக வாங்க வேண்டியது, வேலைக்காக அல்ல.

வெள்ளை அல்லது வெள்ளி நிற டயல், எண்களுக்குப் பதில் மெல்லிய கோடுகள், இரண்டோ மூன்றோ முட்கள். இவ்வளவு போதும். கண்ணாடி சஃபையர் என்றால் எளிதில் கீறல் விழாது. ‘30 மீட்டர்’ என்று பின்னால் எழுதியிருப்பதை நம்பி நீந்தப் போகாதீர்கள். கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்குத்தான் அது. ஸ்ட்ராப் அகலம் 18 அல்லது 20 மி.மீ. இருக்கும்படி பாருங்கள். வியர்வையில் தோல் ஸ்ட்ராப் சீக்கிரம் போய்விடும். 19, 21 என்றால் மாற்றுக்கு அலைய வேண்டியிருக்கும். செய்கோ, சிட்டிசன், ஓரியன்ட், டிஸ்ஸோ போல வாட்சையே தொழிலாகக் கொண்டவர்களிடம் வாங்குங்கள். துணி நிறுவனத்தின் பெயர் பொறித்த வாட்சில் பாதிப் பணம் பெயருக்குப் போய்விடும். பெரிய பிராண்டின் நகல் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதீர்கள். அடுத்தவர் கணக்கில் பொய்யைக் கண்டுபிடிக்கப் போகிறவர் கையில் பொய் வாட்ச் இருக்கலாமா?

நிறம் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். கறுப்பு ஷூ, கறுப்பு பெல்ட், கறுப்பு ஸ்ட்ராப். அச்சு அசலாக ஒரே கறுப்பாக இருக்க வேண்டியதில்லை. பிறகு பழுப்பு ஷூ வாங்கினால் பழுப்பு ஸ்ட்ராப் ஒன்று வாங்கி மாற்றிக்கொள்ளலாம். சாக்ஸ் பேன்ட் நிறத்தில், உட்கார்ந்தால் கெண்டைக்கால் தெரியாத நீளத்தில்.

ஸ்மார்ட் வாட்சைத் தூக்கிப்போட வேண்டாம். காலை நடைக்கும் வீட்டுக்கும் இருக்கட்டும். வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போது உங்கள் கையில் திரை ஒளிர்ந்து, நீங்கள் ஒருமுறை குனிந்து பார்த்தால், எப்போது முடிப்பார் என்று காத்திருப்பதாகத்தான் அவருக்குத் தோன்றும்.

ஷூவை இந்த வாரமே வாங்கிவிடுங்கள். மாலையில் வீட்டுக்குள்ளேயே, சுத்தமான தரையில், அரைமணி நேரம் போட்டுக்கொண்டு நடங்கள். சோலில் அழுக்குப் படாதவரை பல கடைகளில் மாற்றிக் கொடுப்பார்கள். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். சுண்டுவிரல் முனகினால் உடனே திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த அகலத்தைப் பாருங்கள். இதிலேயே பணம் தீர்ந்துபோனால் வாட்சை அடுத்த சம்பளத்துக்குத் தள்ளிப்போடுங்கள். வெறுங்கையோடு வந்தார் என்று எந்த வாடிக்கையாளரும் புகார் எழுதப்போவதில்லை.